தாரிணிக்கு ஒரு வீக் ஆஃப்

எமதர்மனே எருமையை வாசலில் கட்டிவிட்டு எங்கள் நர்சிங் ஹோமுக்குள் நுழைந்திருந்தாலும், டூட்டி சார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்களுக்கு ரிலீவர் யாரு?" என்று கேட்டு பெஞ்சில் உட்கார வைத்திருப்பார். மாற்றிவிட ஆள் இல்லாத எமதர்மன் எழுந்து போயிருப்பார். எங்கள் நோயாளிகள் பிழைத்துப் போனதற்கு டாக்டர்கள் ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

மைசூர் அக்ரஹாரத்தில், கோயிலுக்கும் பூக்கடைக்கும் நடுவே ஸ்கூட்டர்கள் முட்டிக்கொள்ளும் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது அந்த நர்சிங் ஹோம். எனக்கு அங்கே லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. யாருக்குப் பகல், யாருக்கு இரவு, யாருக்கு என்றைக்கு ஓய்வு என்று சார்ட் போடுவது டூட்டி சாரின் வேலை. அவருக்கு ஒரு நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும், யாரும் தேடிப் பார்த்ததில்லை. அவரும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிஸ்டர்களில் பாதிப் பேர் ஷில்பா, மீதிப் பேர் அஸ்வினி என்பதால் ஊரை வைத்தே கூப்பிடுவார். ஹெட் நர்ஸ் நஞ்சன்கூடு. வாட்ச்மேன் ஹுன்சூர். தமிழ்நாட்டு எல்லையில் பாலாறு செக்போஸ்ட் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த நான் மார்டள்ளி.

அவரிடம் லீவ் கேட்பது ஒரு தனிக் கலை. "எனக்கு லீவ் வேணும்" என்றால் அவருக்குக் காது கேட்காது. "எனக்குப் பதிலா இன்னார் வர்றாங்க" என்றால் மட்டும் கேட்கும். ஒருமுறை முதலாளியான பெரிய டாக்டரே மச்சினன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு அரை நாள் போக வேண்டும் என்று வந்து நின்றார். ஓ.பி.யை யார் பார்ப்பது என்று டூட்டி சார் விசாரித்தார். பெரிய டாக்டர் மச்சினனுக்கு போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு ஓ.பி.க்கே திரும்பிப் போனார். தசரா ஊர்வலத்தன்று ஊரே தெருவில் நிற்கும்போது எங்களில் ஒருவரையும் வெளியே விடமாட்டார். மொட்டை மாடியில் நின்றால் வாத்தியச் சத்தம் கேட்கும் என்பதால் ஆளுக்குக் கொஞ்ச நேரம் மாடி டூட்டி போட்டுக் கொடுப்பார். யானை தெரியாதே என்று யாரோ முறையிட்டபோது, யானைக்கு இருக்கிற பொறுப்பு உனக்கு இருக்கிறதா என்று கேட்டார்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா. நீலம் பகல் ஷிஃப்டுக்கு, சிவப்பு இரவுக்கு, பச்சை வீக் ஆஃபுக்கு. நீலமும் சிவப்பும் மாதாமாதம் தீர்ந்துபோகும். பச்சை மட்டும் வேலையில் சேர்ந்த அன்று வாங்கியது என்று கேள்வி.

இப்படிப்பட்டவருக்குக் குடலிறக்கம் வந்து எங்களிடமே ஆபரேஷன் ஆயிற்று. படுக்கையில் படுத்தபடியே சார்ட் எழுதப் பார்த்தவரிடமிருந்து பெரிய டாக்டர் பேனாக்களைப் பிடுங்கிக்கொண்டு, சும்மா டி.வி. பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

ஏழரை மணிக்கு ஒரு கன்னடத் தொடர். தாரிணி என்று ஒரு பெண், பி.யு.சி. படிக்கிறாள். ஊர்க் கோடியில் ஒரு பாழும் கிணறு. அதிலிருந்து பேய் பிசாசு எதுவும் வெளியே வராமல் காவல் காப்பது அவள் வீட்டுப் பெண்களின் பரம்பரைக் கடமை, அது வெளியாள் ஒருவருக்கும் தெரியக் கூடாது. கிணற்றுக்குள் ஏதாவது அசைந்தால் அவள் கால் கொலுசு சுடும். கூடப் படிக்கும் நவீன் என்ற பையனுக்கு அவள்மேல் பிரியம், அவளுக்கும் அப்படியே. ஆனால் அவன் வாயைத் திறந்து "ஐஸ்கிரீம் சாப்பிடலாமா" என்று கேட்கிற நேரம் பார்த்துத்தான் கொலுசு சுடும். தாரிணி தலைவலி என்றோ அத்தைக்குக் காய்ச்சல் என்றோ ஏதாவது சொல்லிவிட்டு ஓடுவாள். நவீன் கையில் ஐஸ்கிரீம் உருகும். இதுதான் கதை, மாதக்கணக்கில்.

ஆபரேஷன் தையல் பிரித்து வேலைக்குத் திரும்பிய டூட்டி சார் பழைய டூட்டி சாராக இல்லை. ஏழரை மணி ஆனால் சுவர்க் கடிகாரத்தையும் படிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும், அந்த நேரத்தில் அவர் நாற்காலியை விட்டு எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. போனில் பார்க்கலாம் என்றால் அவரிடம் இருந்தது பட்டன் போன். வாட்ஸ்அப் வைத்திருந்தால் ஆளுக்கு ஆள் அதில் லீவ் கேட்பார்கள் என்று உறுதியாக மறுத்திருந்தார். வீட்டிலோ மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக அவர் மனைவி கேபிளைத் துண்டித்திருந்தார். மகளுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது, கேபிள் மட்டும் திரும்ப வரவில்லை.

ஒருநாள் என்னை மாடியிலிருந்த தன் அறைக்குக் கூப்பிட்டார். என் வேலை ஏழரைக்கு முடிகிறது, லேபுக்கு எதிரேதான் வெயிட்டிங் ஹாலும் டி.வி.யும் இருக்கின்றன என்று ஆரம்பித்து, மெதுவாக விஷயத்துக்கு வந்தார். நான் தினமும் தொடரைப் பார்த்துவிட்டு மேலே வந்து கதை சொல்ல வேண்டும். ஆனால் இது ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. அவருடைய தமிழில் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் "இல்லையா" என்று கேட்பதற்கான கன்னட "அல்வா" ஒன்று தொங்கும்.

"ஒரு பேய்க் கதைக்கு நான் கண் கலங்கறேன்னு தெரிஞ்சா அவ்வளவுதான்ம்மா. மறுநாளே இங்க எல்லாருக்கும் பாட்டி செத்துப் போயிடுவாங்க, அல்வா? மாதேஸ்வரன் மேல சத்தியம் பண்ணு. உங்க பக்கத்து ஜனம் அதை மட்டும் மீற மாட்டீங்க."

விவரமான மனிதர். எங்கள் பக்கத்தில் வேறு எந்தச் சாமியின் மேல் சத்தியம் செய்தாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், மலை மாதேஸ்வரனிடம் அது நடக்காது. செய்தேன். சார்ட் போடுகிறவர் கேட்டால் செய்யாமல் இருக்க நான் என்ன பைத்தியமா?

இதில் எனக்கு இருந்த சிக்கல் ஒன்றுதான். எக்ஸ்ரே பிரிவில் மாதேஷ் என்று ஒருவன் இருந்தான். ஹனூர்க்காரன், எங்கள் பக்கம்தான். கன்னடம் சரளமாகவும் தமிழ் தடுக்கித் தடுக்கியும் வரும். எனக்காக வேண்டி அந்தத் தடுக்கல் தமிழிலேயே பேசுவான், அதிலேயே நான் பாதி கவிழ்ந்துவிட்டேன். அவனுக்கும் ஏழரைக்கு வேலை முடியும். தெருமுனை வண்டியில் ஆளுக்கு ஒரு பொட்டலம் சுருமுரி, அதாவது காரப்பொரி, வாங்கி, நின்று தின்றுகொண்டே பேசுவோம். எட்டரைக்குள் அவன் அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். எங்கள் காதலுக்கு ஊரும் உலகமும் ஒதுக்கியிருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதைத்தான் டூட்டி சார் எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் மாதேஷிடம் தலைவலி என்றேன். மறுநாள் நான் தங்கியிருந்த பி.ஜி. ஹாஸ்டலில் தண்ணீர் வரும் நேரம் என்றேன். அடுத்த நாள் ரூம்மேட்டுக்குக் காய்ச்சல். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இதே வசனத்தை முந்தின நாள் தாரிணி பேசினாளே என்று உறைத்தது. அவளுக்காவது கொலுசு சுட்டது. எனக்கு அதுவும் இல்லை.

கதை கேட்பதில் டூட்டி சாருக்கு ஒரு முறை இருந்தது. கையெழுத்துப் போட வந்த கூட்டம் கலைந்ததும், அறைக் கதவை விரியத் திறந்து வைத்து, எல்லார் கண்ணிலும் படும்படி வாசலோரம் எனக்கு ஒரு ஸ்டூல் போடுவார். பேச்சு மட்டும் தாழ்ந்த குரலில். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் "ஆமேலே?" என்பார், அப்புறம் என்று அர்த்தம். பேய் எப்படி இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. தாரிணி எத்தனை மணிக்குக் கிணற்றடிக்குப் போனாள், எத்தனை மணிக்குத் திரும்பினாள், அவளை மாற்றிவிட்டது யார் என்பதுதான் அவருடைய கேள்விகள். யாரும் மாற்றவில்லை என்றால் முகம் சிவந்துவிடும். வயசுப் பெண்ணுக்கு தினமும் நைட் ஷிஃப்டா, அந்த அத்தை வீட்டில் வெட்டியாகத்தானே இருக்கிறாள், வாரத்தில் இரண்டு ராத்திரி அவளைப் போட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று பொருமுவார். அந்தப் பையனிடம் உண்மையை ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று தாரிணிக்கும் தினமும் திட்டு விழும்.

கடைசியில் அவரே ஒரு சார்ட் போட்டார். செவ்வாயும் வெள்ளியும் அத்தைக்கு. அமாவாசைக்கு இரண்டு பேரும் சேர்ந்து. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாரிணிக்கு வீக் ஆஃப், பச்சை மையில். எதிரே "சொந்த வேலை" என்று எழுதியிருந்தார். நவீனின் பெயரை எழுத அவருக்குக் கூச்சம். அதைத் தொலைக்காட்சி நிலையத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினார். பதில் வரவில்லை. ஆனால் கொஞ்ச நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, தற்செயலாகக் கதையில் அத்தை விளக்கை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நான் வந்து சொன்னதும் டூட்டி சார் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். திரும்பி வந்தபோது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டிருந்தார்.

இன்னொரு நாள் கவனப் பிசகில் எங்கள் நோட்டீஸ் போர்டு சார்ட்டிலேயே "தாரிணி, நைட், கிணறு" என்று எழுதிவிட்டார். புதிதாகச் சேர்ந்த சிஸ்டர் யார் என்று ஹெட் நர்ஸ் மாடி மாடியாகத் தேடினார். சமையல்கார அம்மா அவளுக்கென்று சாம்பார் சாதம் எடுத்து மூடி வைத்தார். கிணறு என்றால் தண்ணீர் மோட்டார் அறையாக இருக்கும் என்று முடிவுசெய்து வாட்ச்மேன் அங்கே ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டார். விஷயம் கைமீறிப் போவதைப் பார்த்த டூட்டி சார், தாரிணி வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று அறிவித்தார். நோட்டீஸ் கொடுக்காமல் எப்படிப் போகலாம் என்று ஹெட் நர்ஸ் பல நாள் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் சிரிப்புத்தான். ஆனால் திறந்த கதவு வழியாக நர்சிங் ஹோமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. தினமும் எட்டு மணிக்கு நான் டூட்டி சாரின் அறைக்குப் போகிறேன். கையை ஆட்டி ஆட்டி என்னவோ கெஞ்சுகிறேன். அது பேயோடு நடந்த சண்டை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். அவர் தலையை ஆட்டுகிறார், காகிதத்தில் குறிக்கிறார். எங்கள் இடத்தில் இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. கல்யாணம் நிச்சயமானால் பத்திரிகை அடிக்கும் முன்பே டூட்டி சாரிடம் சொல்லி நீண்ட லீவுக்குப் பேரம் பேச வேண்டும், அதுதான் வழக்கம். ஆக, மார்டள்ளியில் எனக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள், லீவ்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று எல்லாருமாக முடிவு கட்டினார்கள். சமையல்கார அம்மா மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. அதற்குள் மாதேஷுக்குத் தெரிந்திருந்தது.

அவன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சுருமுரி வண்டிப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். ஒரு வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிட்டிங் ஹாலுக்கே வந்தான். டி.வி.யில் அன்றைக்குப் பெரிய நாள். நவீன் ஊரை விட்டுப் போகிறான், தாரிணி உண்மையைச் சொல்வாளா மாட்டாளா என்று ஒரு வாரமாக முன்னோட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஹோசூர்ல ஒரு ஸ்கேன் சென்டர்ல கூப்பிட்டிருக்காங்க. இன்னிக்கு ராத்திரிக்குள்ள பதில் சொல்லோணும்," என்றான். "நீ தெனமும் மேல போய் என்ன பேசறே, அதை மட்டும் சொல்லு செல்வி. கல்யாணம்னா கல்யாணம்னு சொல்லிரு. நான் போயிர்றேன்."

கல்யாணம் எதுவும் இல்லை என்றேன். அப்படியானால் மேலே என்ன என்றான். நான் வாயைத் திறந்தேன், மாதேஸ்வரன் வந்து நின்றார், மூடிக்கொண்டேன். மாதேஷ் பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான். கொஞ்சம் இரு, எங்கேயும் போய்விடாதே என்று சொல்லிவிட்டு, தொடரையும் விட்டுவிட்டு மாடிப்படி ஏறி ஓடினேன்.

டூட்டி சாருக்கு முன்னால் கையெழுத்துக்கு வரிசை நின்றது. என்னைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். இந்நேரத்துக்கு நான் இருக்க வேண்டிய இடம் அதுவல்ல. வரிசையை விலக்கிக்கொண்டு போய் நின்றேன்.

"சார், சத்தியத்தைத் திருப்பிக் குடுங்க."

அவருக்குப் புரியவில்லை. இன்றைக்குக் கதை பார்க்கவில்லையா என்பதுபோல் படிக்கட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினார். பார்க்கவில்லை என்றேன். கீழே ஹனூர் நிற்கிறான், இன்றைக்குச் சொல்லாவிட்டால் போய்விடுவான் என்றேன்.

"ஒரு வார்த்தை சொன்னா என்னன்னு தாரிணிய தெனமும் திட்டறீங்களே சார். எனக்கும் அந்த ஒரு வார்த்தைதானுங்க வேணும்."

வரிசையில் நின்ற சிஸ்டர்களுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை, வேலையை விட்டுப் போன தாரிணி ஏன் வருகிறாள் என்று முழித்தார்கள். டூட்டி சாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை மாதம் யாரை உட்காரவைத்து யாருடைய வீக் ஆஃபுக்காகப் பொருமினோம் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. பேனாக்களை ஒவ்வொன்றாக மூடிப் பையில் செருகினார். எழுந்தார். ஹெட் நர்ஸை அழைத்துத் தன் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த அம்மாள் நாற்காலியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அதன் நுனியில் உட்கார்ந்தார்.

டூட்டி சார் படியிறங்கியதைப் பார்த்து லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். பகல் ஷிஃப்ட் போகிறது, இரவு ஷிஃப்ட் வருகிறது, வெயிட்டிங் ஹாலில் நிற்க இடமில்லை. நேராக மாதேஷிடம் போனார். தாழ்ந்த குரலில் பேசுவார் என்று நினைத்தேன். அந்த மனிதர் ரோல்கால் எடுக்கும் குரலிலேயே பேசினார்.

"இந்தப் பொண்ணு தினமும் எனக்காக இந்த சீரியலைப் பார்த்துட்டு வந்து கதை சொல்லிட்டிருந்தா. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், அழுகைகூட வரும். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினவன் நான். கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்ப நானே வந்துட்டேன், அவளை ரிலீவ் பண்ணியாச்சு. கூட்டிட்டுப் போப்பா."

அவர் முன்வரிசையில் ஒரு நோயாளியின் மாமனாரைக் கொஞ்சம் நகரச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்து, விளம்பரம் முடிந்துவிட்டது, டி.வி.யை மறைக்காமல் நில்லுங்கள் என்றார்.

மாதேஷ் என்னைப் பார்த்து "சீரியலா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். தெருவில் இறங்கி, பூக்கடை தாண்டி, அவன் அக்கா வீட்டு பஸ் வரும் வரைக்கும் சிரித்தான். ஹோசூர்க்காரர்களுக்கு வரவில்லை என்று பதில் சொன்னபோதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான், அவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

அன்றைக்கு தாரிணி உண்மையைச் சொன்னாளா என்று மறுநாள் டூட்டி சாரிடம் கேட்டேன். சொல்ல வாயெடுத்தாளாம், கொலுசு சுட்டதாம், ஓடிவிட்டாளாம். அவளைத் திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். "பாவம்மா, அவளுக்கு மேல ஒரு சரியான ஆள் இல்ல," என்றார்.

அவர் பயந்தபடியே அடுத்த வாரம் ஏகப்பட்ட பாட்டிகள் மண்டையைப் போட்டார்கள். ஒருவருக்கும் லீவ் கிடைக்கவில்லை. அழுகை வேறு, டூட்டி வேறு என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு மாற்றம். தினமும் ஏழரை முதல் எட்டு வரை ஹெட் நர்ஸ் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று சார்ட்டில் ஏறியது, டூட்டி சார் கீழே முன்வரிசையில். அவரைச் சுற்றி இரண்டு ஷில்பாவும் ஒரு அஸ்வினியும் உட்கார்ந்து, அத்தை டூட்டிக்கு வராததைச் சேர்ந்து கண்டித்தார்கள்.

எங்கள் கல்யாணம் மார்டள்ளியில் நடந்தது. நர்சிங் ஹோமை மூட முடியாது, ஆனால் எல்லாருக்கும் வர ஆசை. அதற்கும் அவர்தான் சார்ட் போட்டார். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு பேட்ச், முகூர்த்தத்துக்கு ஒரு பேட்ச், ஹனூரில் மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கு ஒரு பேட்ச். வாட்ச்மேனுக்கும் சமையல்கார அம்மாவுக்கும் முறை வந்தது. பெரிய டாக்டருக்கே வந்தது. மூன்று பேட்சிலும் தேடினேன், டூட்டி சார் இல்லை. மேலே போய்க் கேட்டேன்.

"எல்லாரும் போயிட்டா இங்க யாரும்மா இருக்கறது?" என்றார், சார்ட்டிலிருந்து தலையை எடுக்காமல். "நீ நிம்மதியா போய்ட்டு வா. உனக்கு நான் இருக்கேன், அல்வா?"

தாலி ஏறும்போது தலையைக் குனிந்தபடி இருக்க வேண்டும் என்று என் சொந்த அத்தை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் நிமிர்ந்துதான் இருந்தேன். அட்சதைத் தட்டோடு முகூர்த்த பேட்ச் முழுக்க எதிரே நின்றது. அவர் வர மாட்டார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், மூன்றாவது முடிச்சு விழும் வரைக்கும் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.